இருநூற்றுப் பன்னிரண்டில் நின்ற எண்ணிக்கை

என் வீட்டு வாசலிலிருந்து பழைய சேகோ ஃபேக்டரியின் களம் வரை அறுநூற்று முப்பத்தெட்டு அடிகள். முழங்கால் வலிக்கிற நாட்களில் அறுநூற்று எழுபது வரை போகும். நான்கு வருடங்களாக, மழை நாட்களைத் தவிர, தினமும் மதியம் பன்னிரண்டு மணி சுமாருக்கு அங்கே போய்வந்தேன். அந்த நேரத்தில் அங்கே யாரும் வரமாட்டார்கள். எழுபத்திரண்டு வயதுக்காரன் ஒருவன் காலை அகட்டி, முட்டியை மடக்கி, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்திருப்பதுபோல் வெயிலில் நிற்பதை யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான் அந்த நேரம்.

ஒரு காலத்தில் ஜவ்வரிசி காயவைத்த சிமெண்டுத் தரை அது. எண்பத்து நான்கு சதுரங்கள். மாவு ஊறி ஊறித் தரைக்கு ஒரு வெளுப்பு வந்துவிட்டது. ஃபேக்டரி மூடி முப்பத்தாறு வருடமாகியும் அது போகவில்லை. மூன்று பக்கம் சுவர். சுவரோரம் மாவு தெளியவைக்கிற ஒன்பது தொட்டிகள், எல்லாம் காலி. உச்சி வெயிலில் அங்கே நின்றால் நம் நிழல் நம் காலடியிலேயே சுருண்டுவிடும். ஆள் இருக்கிறான் என்பதற்கே அடையாளம் இருக்காது.

கடத்தூரில் முதன்முதலாக டேக்வாண்டோ வகுப்பு நடந்தது இந்தக் களத்தில்தான். மாஸ்டர் ராணுவத்திலிருந்து வந்தவர். கொரியாக்காரர் ஒருவரிடம் நேராகக் கற்றவரிடம் கற்றதாகச் சொல்வார். நான் புள்ளியியல் துறையில் இருந்தேன். வயலில் கயிறு பிடித்து, அளந்த சதுரத்தில் எத்தனை கதிர், எத்தனை எடை என்று எண்ணி எழுதுகிற வேலை. வகுப்பில் எனக்குப் பெயர் ‘புள்ளி சார்’. சர்க்கரை ஆரம்பம் என்று டாக்டர் சொன்னதால் முப்பத்தெட்டாவது வயதில் சேர்ந்தவன், மற்றவர்களைப்போல் உயரமாகக் காலைத் தூக்க முடியாதவன். ஆனால் எண்ணுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. ஆகவே மாஸ்டர் எனக்கு எண்ணுகிற வேலையைக் கொடுத்தார்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய வகுப்புகளில் அது கிடையாது. குதிரை நிலை என்று ஒன்று உண்டு. குதிரைமேல் உட்கார்ந்தவனைப்போல் கால்களை அகட்டித் தொடையைத் தாழ்த்தி நிற்பது. மாஸ்டர் தரையில் சுண்ணாம்புப் பெயிண்டில் ஏழு புள்ளிகள் வைத்திருந்தார். ஏழு பேர் ஏழு புள்ளிகளில் நிற்பார்கள். எதிரே ஒருவன் நின்று எண்ணுவான். ஒரு மூச்சுக்கு ஒரு எண். ஹனா, துல், செட், நெட் என்று பத்துவரை கொரிய மொழியில் எண்ணி, மறுபடி ஹனாவிலிருந்து தொடங்க வேண்டும். பத்துகள் மறந்துவிடாமல் இருக்க நான் இடது சட்டைப்பையில் முப்பது புளியங்கொட்டை வைத்திருப்பேன். ஒவ்வொரு பத்துக்கும் ஒன்றை வலது பைக்கு மாற்றுவேன். இடது பை காலியானால் முந்நூறு. அப்போது “பாரோ” என்பேன். நிமிரலாம் என்று பொருள். இடது காலை வலது காலோடு இழுத்துச் சேர்த்து எல்லோரும் நிமிர்வார்கள்.

இதில் மாஸ்டரின் சட்டம் ஒன்றே ஒன்று. எண்ணத் தொடங்கிய வாய்தான் முடிக்க வேண்டும். அந்த வாய் “பாரோ” சொல்லும்வரை யாரும் நிமிரக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. மாஸ்டரே ஆனாலும் இன்னொருவரின் எண்ணிக்கையை முடித்துவைக்க மாட்டார்.

இதெல்லாம் போய்விட்டது. மாஸ்டர் இறந்து ஒன்பது வருடம். இப்போது வகுப்பு பொம்மிடி சாலையில் ஒரு ஹாலில், ரப்பர் பாய்மேல் நடக்கிறது. நான் ஜன்னல் வழியாக எண்ணியிருக்கிறேன்: நாற்பத்தாறு பிள்ளைகள். மார்பில் ஒரு கவசம். காலுறைக்குள் இருக்கிற ஏதோ ஒன்று அதைத் தொட்டால் திரையில் புள்ளி ஏறும். உதை என்றால் உடம்பு முழுவதும் திரும்பி விழுந்த காலம் போய், கோழி ஈரத்தில் காலை உதறுவதுபோல் முன்காலை மட்டும் உதறுகிறார்கள். குத்திப் பழகக் கயிறு சுற்றிய கம்பம் இல்லை. ஓடு உடைப்பது இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட். வாயால் எண்ணுவதே இல்லை. செல்போன் பீப் அடிக்கிறது, நிறுத்துகிறார்கள். பழைய பயிற்சிமுறை அழிகிறது என்று டேக்வாண்டோ சங்கத்துக்குப் பதினான்கு கடிதம் எழுதினேன். இரண்டுக்குப் பதில் வந்தது. இரண்டும் ஒரே பதில்.

வகுப்பு களத்தை விட்டுப் போன பிறகுதான் நான் தனியாக அங்கே போகத் தொடங்கினேன். யாராவது ஒருவராவது செய்ய வேண்டும் என்ற வீம்புதான். முதல் பதினொரு நாட்கள் ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் நாள், நான் “துல்” என்றதும் எனக்குப் பின்னால் ஒரு குரல் மெதுவாக, “செட்” என்றது.

எதிரொலி என்று நினைத்தேன். எதிரொலி நாம் சொன்னதைத்தான் சொல்லும். இது அடுத்ததைச் சொன்னது. மறுநாள் சுவரைப் பார்த்து நின்றேன், அதற்கு மறுநாள் வாசலைப் பார்த்து. தொட்டிகள் ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்த்தேன். ஓணான், ஒரு செருப்பு, காய்ந்த எருக்கஞ்செடி. அடுத்த வாரம் நடுநடுவே நிறுத்திப் பார்த்தேன். நாற்பதில் நிறுத்தினால் ஒன்றும் இல்லை. நூற்றுப் பதினேழில் நிறுத்தினால் ஒன்றும் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டுக்கு வந்தால் மட்டும், நான் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும், என்னை முந்திக்கொண்டு அது “செட்” என்று சொல்லிவிடும். அதற்கு மேல் என் வாயில் எண் வராது. அதன் பிறகு ஒரு நாளும் முந்நூறை எட்டியதில்லை.

மாஸ்டர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நினைப்பதில் ஒரு பெருமைகூட இருந்தது. பிறகு என் தொழில்புத்தி விடவில்லை. ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு, குரல் வந்த திசைக்கு நேராகக் கையை நீட்டினேன். இன்னொரு நாள் வேறு இடத்திலிருந்து நீட்டினேன். இரண்டு கோடும் சந்தித்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். மங்கிப்போன சுண்ணாம்புப் புள்ளி. இடமிருந்து எண்ணினால் மூன்றாவது.

மூன்றாவது புள்ளியில் யார் நின்றது என்பது எனக்குத் தெரியும். கையை நீட்டுவதற்கு முன்பே தெரியும்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. அவருக்கு இருபத்தாறு. ஒன்றிய அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வகுப்பில் ஒரே பெண். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மாஸ்டர் தர்மபுரி போயிருந்தார், எண்ணிக்கையை என்னிடம் விட்டிருந்தார். நிலைக்குப் போகும் முன் இரண்டாவது புள்ளிக்காரன் சொன்னான், “டைப்ரைட்டர் அக்கா நூறு தாண்டாது பாருங்க. கீழ விழுந்தா யாரும் தூக்காதீங்க, ஆபீஸ் மெஷின், ஒடஞ்சிரும்.”

அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “உன் முட்டி ஆடுற சத்தம் இப்பவே கேக்குது. அத மொதல்ல கவனி,” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

இருநூற்றுப் பன்னிரண்டு எண்ணியிருந்தபோது பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிற ஒருவர் சைக்கிளோடு களத்துக்குள் வந்தார். “புள்ளி சார், உங்க தம்பி லாரி தொப்பூர் எறக்கத்துல கவுந்திருச்சாம். போன் வந்துச்சு. சீக்கிரம் போங்க” என்றார். நான் ஓடினேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஒரு வினாடி ஆகியிருக்கும். சொல்லவில்லை. தோன்றவே இல்லை.

தம்பியை சேலத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சட்டையைத் துவைக்கப் போட்டபோது இடது பையில் ஒன்பது புளியங்கொட்டைகள் இருந்தன.

அதற்குப் பிறகுதான் மூன்றாவது புள்ளிக்காரர் ஆஸ்பத்திரியில் இருந்த விஷயம் தெரிந்தது. மற்றவர்கள் சிறிது நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிமிர்ந்துவிட்டார்கள். அவர் நிமிரவில்லை. சாய்ந்து விழுந்தார் என்றும், தொடைச் சதை கெட்டுச் சிறுநீர் கறுப்பாகப் போனது என்றும் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. துக்க வீட்டுக்காரன் நோயாளியைப் பார்க்கக் கூடாது என்று ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். பிறகு வேறொரு காரணம், பிறகு இன்னொன்று. மூன்று மாதம் கழித்து வகுப்புக்குத் திரும்பினேன். மாஸ்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு எனக்கு ஒருநாளும் எண்ணிக்கை கொடுக்கவில்லை.

ஒன்பது கொட்டைகளையும் ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். முப்பத்தொரு வருடமாக டப்பா இருக்கிறது. ஒன்பதும் இருக்கின்றன.

போன மாதம் களத்தை மனை பிரித்து விற்க யாரோ வாங்கிவிட்டார்கள். சிவப்பு பெயிண்ட் அடித்த கற்கள் இருபத்திரண்டு நட்டிருந்தார்கள். திங்கட்கிழமை ஜேசிபி வந்து தரையைப் பெயர்க்கும் என்று கல் நட்டவர் சொன்னார். எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. தரை போனால் புள்ளி போகும், புள்ளி போனால் குரலும் போகும் என்று கணக்குப் போட்டேன்.

வியாழக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுவிட்டு மாத்திரை எடுத்தேன். எனக்குக் காலையில் இரண்டு மாத்திரை. “ஒண்ணு, ரெண்டு” என்று உள்ளங்கையில் வைத்தேன். என் நாற்காலிக்குப் பின்னால், சமையலறை வாசலுக்கு அருகே, நிதானமாக ஒரு குரல், “செட்” என்றது.

மனைவி துணி காயப்போட மாடியில் இருந்தாள். இறங்கி வந்து என்னைப் பார்த்தவள், “ஏங்க, மாத்திரையக் கையில வெச்சிக்கிட்டு யாரப் பாக்குறீங்க?” என்று கேட்டாள். மாத்திரையை விழுங்கினேன். அன்றைக்கு வீட்டில் எதையும் வாய்விட்டு எண்ணவில்லை. மனதுக்குள் எண்ணினேன். மனதுக்குள் எண்ணினாலும் இரண்டுக்குப் பிறகு கொஞ்சம் நின்று, கேட்டுக்கொண்டுதான் எண்ண வேண்டியிருந்தது.

களத்தில் நின்ற குரல் நிற்க இடம் தேடுகிறது. அப்படித்தான் எனக்குப் பட்டது. திங்கட்கிழமைக்குள் அந்த எண்ணிக்கையை முடிக்காவிட்டால் அது என் வீட்டில் வந்து குடியிருக்கும். மீதமுள்ள நாட்கள் முழுவதும், மாத்திரைக்கும் மாடிப்படிக்கும் மூச்சுக்கும், எனக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டே இருப்பார்.

வெள்ளிக்கிழமை மாலை அந்த ரப்பர் பாய் ஹாலுக்குப் போனேன். நான் பதினான்கு கடிதத்திலும் குறை சொல்லியிருந்த பயிற்சியாளர் அவர்தான். மூன்றாவது புள்ளிக்காரர். கடிதத்தில் ‘தற்போதைய பயிற்சியாளர்’ என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். கால் சரியாக ஐந்து வருடம் ஆனதாம். உதைக்க முடியாவிட்டாலும் பெங்களூரு போய்ப் பயிற்சியாளர், நடுவர் தேர்வெல்லாம் எழுதித் தேறி வந்தவர். இப்போது ஐம்பத்தேழு வயது. கையில் ஊன்றுகோல். மாஸ்டர் போனபிறகு வகுப்பை எடுத்துக்கொள்ள வேறு ஆளில்லை.

“வாங்க புள்ளி சார்,” என்றார். “பதினஞ்சாவது லெட்டர நேர்லயே குடுக்க வந்தீங்களா? தபால் செலவு மிச்சம்.”

“லெட்டர் இல்லைங்க.”

“உக்காருங்க. நின்னுக்கிட்டே இருந்தா எனக்குப் பழைய ஞாபகம் வருது.”

உட்கார்ந்தேன். பிள்ளைகள் இரண்டு வரிசையாக உதைத்துக்கொண்டிருந்தார்கள். போன் பீப் அடித்தது, நாற்பத்தாறு பேரும் நின்றார்கள். ஒருவன் தண்ணீர் குடிக்க ஓடினான். அந்த எளிமை எனக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சலில் வாய் முந்திக்கொண்டது.

“ஒரு ஆள் எதிர்ல நின்னு எண்ணுறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லைங்களா?”

“இருக்குதுங்க சார். போன் பீப் அடிச்சா அதோட முடிஞ்சிரும். பாதியில ஓடிப்போகாது.”

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. டைப் அடித்த தாளில் பிழை காட்டுவதுபோல் சொன்னார். பிறகு அவரே தொடர்ந்தார்.

“மாஸ்டர் பன்னெண்டு மணிக்கு வந்தாரு. நான் நிக்கிறதப் பாத்தாரு. உங்க வூட்டுக்கு ஆள் அனுப்புனாரு, பூட்டியிருந்துச்சு. எனக்குக் குடை புடிச்சாரு சார். அரை மணி நேரம், தன் கையால. வாயில தண்ணி ஊத்துனாரு. அழுதாரு. அந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லல. ‘அவர் எண்ணுனது, அவர் வந்துருவாரு, இரும்மா’ன்னாரு. நானும் இருந்தேன். ரெண்டு பேருமே பைத்தியம். நீங்க இருந்திருந்தா மூணாவது.”

“எத்தனை வரைக்கும்...” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் எனக்கு வேறெப்படிக் கேட்பது என்று தெரியாது.

“ஆயிரத்து எண்ணூத்தி நாப்பதுன்னு ஞாபகம். முந்நூறுக்கு அப்புறமும் வாய் நிக்கல.” தண்ணீர் குடித்துவிட்டு வந்த பையனுக்கு வரிசையைக் கை காட்டினார். “இப்பவும் சில சமயம் வெயில்ல நடந்தா வாய் தானா முணுமுணுக்கும். ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தொண்ணுன்னு. புள்ளைங்களுக்கு அது வேணாம்னுதான் போன்.”

நான் களத்தில் கேட்பதைச் சொன்னேன். மாத்திரையைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, நம்பினாரா என்றும் தெரியவில்லை. “என் கொரல் இப்ப உடைஞ்சு போச்சு. நீங்க கேக்குறது எந்தக் கொரல்?” என்று மட்டும் கேட்டார்.

“பழைய குரல்.”

“அப்ப அது இருபத்தாறு வயசுலயே நின்னிருச்சு. பரவால்ல, அதுக்காச்சும் முட்டி வலிக்காது.”

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

வந்தார். ஸ்கூட்டியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். வெயில் வெள்ளையாக இருந்தது. சாலையில் லாரிச் சத்தம்கூட அன்றைக்கு இல்லை. அவர் மூன்றாவது புள்ளியைத் தேடவில்லை. நேராகப் போய் நாற்காலியை அதன்மேல் போட்டு உட்கார்ந்து, கால்களை அகட்டி வைத்துக்கொண்டார். நான் எதிரே என் இடத்தில் நின்றேன். எண்ணுகிறவன் நிலையில் நிற்க வேண்டியதில்லை; ஆனால் நாற்காலியில் ஒருவர் அப்படி உட்கார்ந்திருக்கும்போது நிமிர்ந்து நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நானும் முட்டியை மடக்கினேன். ஒன்பது கொட்டைகளையும் இடது பையில் போட்டிருந்தேன்.

விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். “செட்” என்று நான் சொல்ல வேண்டும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவர் உதடும் அசையவில்லை. ஆனால் நாற்காலியிலிருந்து, அவருக்குள்ளிருந்தா அவருக்குப் பின்னாலிருந்தா என்று என்னால் கோடு போட முடியாத இடத்திலிருந்து, அந்தக் குரல் “செட்” என்றது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நெட்” என்றேன் நான்.

அதன் பிறகு எண்கள் வந்தன. எண்பத்தேழு எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் அடியில் அந்தக் குரல் கூடவே வந்தது; என்னை முந்தவில்லை, பிந்தவும் இல்லை. கொட்டைகள் ஒவ்வொன்றாகப் பை மாறின. கடைசிக் கொட்டை மாறியபோது, “பாரோ” என்றேன்.

அவர் இடது காலை வலது காலோடு இழுத்துச் சேர்த்தார். செருப்பு தரையில் உரசிய சத்தம் கேட்டது. ஒரே ஒரு சத்தம். பிறகு களம் அமைதியாகிவிட்டது. அந்த இடத்தில் நான் அத்தனை வருடம் அமைதி என்று நினைத்தது அமைதி இல்லை என்று அப்போது தெரிந்தது.

அவர் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், வியர்வையோ என்னவோ. நான் இன்னும் மடக்கிய முட்டியோடு நின்றேன். தொடை நடுங்கியது. நிமிரலாம் என்று சொல்ல யாரும் இல்லை. எண்ணுகிறவனுக்கு யார் சொல்வது என்று மாஸ்டர் சட்டம் வைக்கவில்லை.

அவர் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தார். “அட, உங்களுக்குச் சொல்ல ஆளே இல்லையே சார்,” என்றார். “நான் சொல்லட்டுமா?”

“சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன்.” என் சட்டைப்பையில் கைவிட்டு என் போனை எடுத்தார். ஏதோ அழுத்தினார். எனக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் வைத்தார். “பீப் அடிச்சா வூட்டுக்குப் போங்க. எவ்வளவு வெச்சிருக்கேன்னு கேக்காதீங்க. திரும்பிப் பாக்கக் கூடாது, ஞாபகம் இருக்குதில்ல?”

ஊன்றுகோல் சத்தம் வாசல்வரை போனது. ஸ்கூட்டி கிளம்பியது. பிறகு வெள்ளைத் தரையும் நானும்தான். இரண்டு மாதிரியும் நினைத்தேன்: அவர் ஒரு நிமிடம் வைத்திருப்பார், அல்லது அவர் நின்ற நேரம் முழுவதையும் வைத்திருப்பார், நான் இங்கேயே சாய்வேன். இரண்டில் எது வந்தாலும் நியாயம்தான் என்று பட்டது. பதினைந்தாவது கடிதத்தை எப்படித் தொடங்கியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன்; ஒரு வரிகூட வரவில்லை.

பீப் அடித்தது. என் கால்கள் உடனே நிமிர்ந்தன. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது எத்தனை நிமிடம் நின்றேன் என்று மனைவி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நான் எண்ணவில்லை. வேறு யாரும் எண்ணவில்லை.